மூலமும் உரையும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, பழந்தமிழ்ச் செய்யுள் ஒன்றன் நயத்தையோ நாவலர் பெருமானின் உரைநடைத் திறத்தையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். நாமும் அவ்வாறே எண்ணித் தாளை விரித்தோம். ஆயின், எமது மேசை இலாச்சியிற் கிடந்த சிறு கடதாசித் துண்டொன்று எம்மைத் தடுத்துவிட்டது. அதில் ஐந்து வரிகளில் எண்கள் மாத்திரம் எழுதப்பட்டிருந்தன. அதனை எழுதியவன் இக்கல்லூரி மாணவன். அவ்வெண்கள் எமக்குக் கற்பித்த பாடத்தை, பழைய மாணவன் என்ற முறையிலும் ஆசிரியன் என்ற முறையிலும், இங்கு எழுதி வைத்தல் தக்கது என்று கருதுகின்றோம்.

வானொலி மீது எமக்குள்ள பற்று இன்று நேற்று உண்டானதன்று. எமது பள்ளிப் பருவம் 1990களின் யாழ்ப்பாணத்திற் கழிந்தது. மின்சாரம் இல்லை, மின்கலம் கிடைத்தற்கரிய பொருள். மாலை மங்கியதும் முற்றத்திலே துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுப்பார் எமது தந்தையார். மிதியைக் கையாற் சுழற்றும் பணி எமக்குரியது. பி.பி.சி.யின் தமிழோசை சிற்றலையிலே மிதந்து வரும். அயலவர் பத்துப் பேர் சூழ்ந்திருப்பர். கை சோர்ந்து சுழற்சி தளர்ந்தால் செய்தியும் தளரும். உடனே, "சுத்து தம்பி, சுத்து" என்ற குரல்கள் எழும். அச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும், காற்றில் வரும் குரல் பெட்டிக்குள் எவ்வாறு அகப்படுகின்றது என்று அன்று எழுந்த வினா எம்முள்ளே நின்றுபோகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், புலம்பெயர்ந்து வாழும் எமது வகுப்புத் தோழர் ஒருவர் ஊருக்கு வந்தார். வந்தவர் எம் கையிலே பெருவிரல் அளவான ஒரு குச்சியைத் தந்து, "இதுதான் இப்போதைய றேடியோ" என்றார். அது கணினியிற் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்காக ஆக்கப்பட்ட மலிவான பொருள். அதனுள்ளே இருக்கும் ஆர்.ரி.எல். 2832யூ என்னும் சில்லு, தான் வாங்கிய அலையைப் பதப்படுத்தாது எண்களாகவே கணினிக்குள் கொட்டவும் வல்லது என்பது 2012 ஆம் ஆண்டிலே தெரியவந்தது. அதன் பின்னர் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அதனை வானொலி ஆக்கிக்கொண்டனர். பழைய பெட்டியிலே சுருளும் கொண்மியும் செய்த வேலைகளுட் பெரும்பாலானவற்றை இங்கு மென்பொருள் செய்கின்றது. அலைவரிசையைத் தெரிதல், வடித்தல், குரலைப் பிரித்தல் ஆகியன யாவும் எண்கணிதமே. ஆதலின் இதனை மென்பொருள் வானொலி என்பர்.

இக்குச்சியை நாம் கல்லூரி விஞ்ஞான மன்றத்துக்குக் கொண்டுவந்தோம். தமிழாசிரியனுக்கு அங்கு என்ன வேலை என்று சிலர் நகைத்ததுண்டு. மாணவரோ நகைக்கவில்லை. ஒருநாள் மாலை, ஆர்.ரி.எல். எஃப்.எம். என்னும் சிறு செய்நிரலை இயக்கி, பொது ஒலிபரப்பு நிலையம் ஒன்றன் பாடலை அவர்களுக்குக் கேட்பித்தோம். பாடல் தெளிவாகவே வந்தது. அப்போது பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்தான். வகுப்பிலே ஓயாது வினா எழுப்புபவன் அவன்.

"சேர், நாங்கள் குடுத்தது 96.3 மெகாஹேர்ட்ஸ். இது 96,571,000 ஹேர்ட்ஸுக்குத் திருப்பினதாச் சொல்லுதெல்லோ? ஏன் சேர்?"

எமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆயின், முப்பது மாணவர் முன்னிலையில் நின்ற எமது நா அதற்கு இணங்கவில்லை. "மலிவான சாமான் தானே தம்பி, கொஞ்சம் பிழை காட்டும். பாட்டு வருகுதுதானே!" என்று சொல்லி அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிட்டோம். பிள்ளைகள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை மன்றக் கூட்டத்தில் அவன் பின்வாங்கிலே போய் அமர்ந்தான். எமது தமிழ் வகுப்பிலும் வினா எழுப்பவில்லை. கூட்டம் முடிந்து அனைவரும் சென்றபின் எமது மேசைமீது ஒரு கடதாசித் துண்டு கிடந்தது. இடப்புறத்தில் அவன் கேட்ட மீடிறன். வலப்புறத்தில் செய்நிரல் சொன்ன எண். 89.2 கேட்டால் 89,471,000, 93.9 கேட்டால் 94,171,000, 96.3 கேட்டால் 96,571,000, 101.5 கேட்டால் 101,771,000, 107.4 கேட்டால் 107,671,000. ஐந்து வரிகளிலும் வேறுபாடு ஒன்றே: 271,000. கடதாசியில் வேறு ஒரு சொல்லேனும் எழுதப்படவில்லை.

அதனைக் கண்டதும் எம் முகம் சிவந்தது. பிழை என்பது தடுமாறும். ஒருகாற் கூடும், ஒருகாற் குறையும். எத்தனை முறை செய்தாலும் இம்மியும் பிசகாது நிற்பது பிழையன்று, விதி. குச்சியினுள்ளே இருக்கும் படிகத்தின் வழு என்று சாதிக்கவும் வழியில்லை. படிக வழு மீடிறனின் அளவுக்கு ஏற்பப் பெருகும். 89இற் குறைவாகவும் 107இற் கூடுதலாகவும் இருந்திருக்கும். அன்றியும், தன் படிகத்தின் வழுவைச் செய்நிரல் தானே அறிந்து திரையில் எழுதிக் காட்டுவது எங்ஙனம்? பதினைந்து வயதுப் பிள்ளை ஐந்து அளவீடுகளால் எமது கூற்றைப் பொய்யாக்கியிருந்தான். பொய்யாக்கிய பின்னரும், ஆசிரியர் மனம் நோகாதிருத்தல் வேண்டும் என்று எண்ணி, வாய் திறவாது சென்றிருந்தான். விடையை நாமே கண்டு அவனிடம் சொல்லாவிடின், இனி அவன் எவரிடத்தும் வினா எழுப்பமாட்டான் என்ற அச்சம் எம்மைப் பற்றிக்கொண்டது.

விடை எங்கே இருக்கின்றது என்பதில் ஐயமில்லை. அச்செய்நிரலின் மூலம் மறைவானதன்று. எவரும் எடுத்து வாசிக்கலாம். சி என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் வரிகள். ஆயிரம் வரிகள் எமக்கு எம்மாத்திரம் என்று இறுமாந்தோம். காப்பியங்களை அடியடியாக வாசித்துப் பழகியவர்கள் அல்லவா? கடதாசியிலே பதிப்பித்து, சிவப்பு மையும் அகராதியுமாக, முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.

மூன்று இரவுகள் கழிந்தன. நான்காம் பக்கத்தை நாம் தாண்டவில்லை. ஒவ்வொரு வரியும் எமக்கு அறிமுகமில்லாத வேறொரு பெயரைச் சுட்டியது. அப்பெயரைத் தேடிச் சென்றால் அது இன்னொன்றைச் சுட்டியது. பெயர்களின் காட்டிலே வழி தவறி, ஏன் புறப்பட்டோம் என்பதையும் மறந்தோம்.

எமக்குக் கைகொடுத்தது பழைய இலக்கணமே. நன்னூலார் எண்வகைப் பொருள்கோள் கூறுவார். அவற்றுள் ஆற்றுநீர்ப் பொருள்கோள் ஒன்றே முதலிலிருந்து இறுதிவரை நேரே ஓடுவது. ஏனையவற்றைச் செய்யுளின் போக்கறிந்து வேறு வகையாற் கொள்ளுதல் வேண்டும். புற்றினுள் நுழையும் பாம்பு தலை மடங்கி மேலே வருதல்போல, செய்யுளின் இறுதியிலே நிற்பது இடையிலும் முதலிலும் சென்று பொருள் கொள்வது அளைமறிபாப்பு. இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கிவரும் நாம், செய்நிரலை மட்டும் ஆற்றுநீராக எண்ணிப் படித்தது எத்துணைப் பேதைமை! அக்கோப்பிலே தலைமைச் சார்பு, அஃதாவது இயக்கம் தொடங்கும் இடம், கோப்பின் அடியிலே கிடந்தது. மேலே உள்ளவை யாவும் அது அழைப்பதற்காகக் காத்திருக்கும் ஏவலாளர்.

அடியிலிருந்து வாசித்தபோது உருவம் தெரிந்தது. அச்செய்நிரல் நான்கு வேலையாட்களை ஒரே வேளையில் ஏவுகின்றது. ஒருவர் குச்சியிலிருந்து எண்களை வாங்குவார். ஒருவர் அவ்வெண்களிலிருந்து குரலைப் பிரிப்பார். ஒருவர் குரலை வெளியே அனுப்புவார். நான்காமவர் எந்த மீடிறனுக்குத் திருப்புவது என்று கட்டளையிடுவார். ஒரு கமத்திலே நீர் இறைப்பவரும் பாத்தி கட்டுபவரும் தத்தம் இடத்தில் நின்று வேலை செய்தல் போன்றது இது. எமது வினா மீடிறனைப் பற்றியது. ஆதலின் நான்காமவர் ஒருவரையே பின்தொடர்ந்தாற் போதும். ஆயிரம் வரிகள் நூறாகச் சுருங்கின.

அடுத்ததாக, திரையிலே தோன்றிய அந்த வாக்கியத்தையே தேடினோம். கோப்புகளின் உள்ளே ஒரு சொற்றொடரைத் தேடித் தரும் கிரெப் என்னும் சிறு கருவி உண்டு. எமது கோப்பிலே அவ்வாக்கியம் இல்லை! சற்றுத் திகைத்து, பின்னர் அடைவு முழுவதிலும் தேடுமாறு பணித்தோம். பல செய்நிரல்களுக்கும் பொதுவாக எழுதி வைத்த வேறொரு கோப்பிலே அது கிடந்தது. கொடுத்த எண்ணுக்குக் கருவியைத் திருப்பி, திருப்பிய எண்ணைத் திரையில் எழுதுவது மாத்திரமே அங்குள்ள சார்பின் தொழில். அப்படியாயின் பொய் சொன்னவர் அவர் அல்லர். அவருக்கு அந்த எண்ணைக் கொடுத்தவர் யார்? அவரை அழைப்பவர் எவர் என்று தேடி மீண்டும் எமது கோப்புக்கு வந்தோம். அவ்வெண் எங்கே கணிக்கப்படுகின்றது என்று தேடியபோது, அமைப்புகளைச் சீர்செய்யும் ஒரு சார்பு அகப்பட்டது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணியைப் பற்றிச் செல்லுதல், சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டுமிடத்துக் கொண்டு சேர்க்கும் கொண்டுகூட்டு அன்றி வேறென்ன?

அங்கே கண்டது இது. அகன்ற எஃப்.எம். ஒலிபரப்புக்கு, நொடிக்கு 170,000 மாதிரிகள் என்ற வீதத்தை இச்செய்நிரல் கொள்கின்றது. ஆயின் குச்சியை அதனினும் வேகமாக, நொடிக்குப் பத்து இலட்சத்துக்கு மேலாக, ஓட்ட விரும்புகின்றது. 1,000,000ஐ 170,000ஆல் வகுத்தால் முழுவெண் 5. அதனோடு 1 கூட்ட 6. ஆறு மடங்கு 170,000 என்பது 1,020,000. நொடிதோறும் அத்தனை மாதிரிகள்; ஒவ்வொன்றும் இரண்டு சிறு எண்கள். அதன் பின்னர், கேட்ட மீடிறனோடு இவ்வீதத்தின் காற்பங்கைக் கூட்டி, அவ்விடத்துக்கே கருவியைத் திருப்புகின்றது. 1,020,000இன் காற்பங்கு 255,000.

ஏன் கூட்டுதல் வேண்டும்? இவ்வகைக் கருவிகள் சிலவற்றிலே, அகப்படும் அலைப்பரப்பின் நட்டநடுவில், வானிலே இல்லாத பொய்யான கூர்முனை ஒன்று தோன்றும். கருவியின் உள்ளேயே பிறக்கும் மாசு அது. நாம் கேட்க விரும்பும் நிலையத்தை நடுவிலே வைத்தால் அம்மாசு அதன்மேற் படியும். ஆதலின் வேண்டுமென்றே சற்று அப்பால் திருப்பி, நிலையத்தை ஒரு பக்கத்திலே வாங்கி, பின்னர்க் கணக்கினால் நடுவுக்குக் கொண்டுவருகின்றனர். கணக்கோ மிக எளியது. ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதைக் கால் வட்டமும், மூன்றாவதை அரை வட்டமும், நான்காவதை முக்கால் வட்டமும் திருப்புதல் வேண்டும். கால் வட்டம் திருப்புவதற்குப் பெருக்கல் வேண்டா. இரண்டு எண்களை இடம் மாற்றிக் குறியை மாற்றினாற் போதும். காற்பங்கைத் தெரிந்ததன் நுட்பம் இதுவே. வேறு பங்காயின் ஒவ்வொரு மாதிரிக்கும் பெருக்கல் செய்ய நேரும். நொடிக்குப் பத்து இலட்சம் மாதிரிகளைக் கையாளும் இடத்தில் அச்சிக்கனம் சிறிதன்று. மலிவுச் சாமானின் பிழை என்று நாம் இழித்துரைத்தது, மலிவுச் சாமானின் குறையை மறைக்க ஒருவர் செய்துவைத்த அறிவின் வேலை.

ஆயினும் கணக்கு முடியவில்லை. மாணவனின் எண் 271,000. எமது எண் 255,000. மிச்சம் 16,000. இதனை விட்டுவிடலாமா என்று ஓர் இரவு எண்ணினோம். 'பெரும்பாலும் சரி' என்று சொன்னால் அவன் ஏற்றுக்கொள்வான். ஆயின், முன்னர்ச் சொன்ன பொய்யும் 'பெரும்பாலும் சரி' என்பதன் உடன்பிறப்பன்றோ? இரண்டு கிழமைகள் அலைந்தபின், சொல்லைத் தேடியதுபோல எண்ணையும் தேடலாமே என்ற புத்தி உதித்தது. 16000 என்று தேடினோம். கட்டளையிடும் நான்காமவரிடத்திலேயே, ஒற்றை வரியாக அது நின்றது: அகன்ற ஒலிபரப்பாயின், கேட்ட ஒவ்வொரு மீடிறனோடும் 16,000 கூட்டுக. அவ்வரியின் அருகே காரணம் எழுதப்படவில்லை. உரையாசிரியர் தொடாது சென்ற சூத்திரம் போல அது தனித்து நின்றது. எனினும் 255,000உம் 16,000உம் சேர்ந்து 271,000 ஆயின. கணக்கு ஒரு ஹேர்ட்ஸும் பிசகாது பொருந்தியது.

அடுத்த மன்றக் கூட்டத்தில், பாடலைக் கேட்பிக்கும் முன்னர், கரும்பலகையிலே அவனுடைய ஐந்து வரிகளையும் எழுதினோம். "சென்ற மாதம் இந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டார். நாம் பிழை என்று சொன்னோம். பிழை விட்டது கருவியன்று, நாம்தான். அன்று எமக்கு விடை தெரியாது, தெரியாது என்று சொல்லாதது அதனிலும் பெரிய பிழை" என்றோம். வகுப்பு அசையாதிருந்தது. பின்னர் 255,000இன் வரலாற்றை விளக்கினோம். 16,000 எவ்வரியிலே வருகின்றது என்பதைக் காட்டி, அங்கு உரை இல்லை என்பதையும் சொன்னோம்.

வாசித்ததை மெய்யாகவே விளங்கிக்கொண்டோமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்ல முடிதல் வேண்டும். ஆகையால் கரும்பலகையிலே இன்னொரு கணக்குச் செய்தோம். அகன்ற ஒலிபரப்பை விடுத்து, செய்நிரலின் குறுகிய எஃப்.எம். முறையைத் தெரிந்தால், வீதம் 24,000. 1,000,000ஐ அதனால் வகுக்க முழுவெண் 41. ஒன்று கூட்ட 42. நாற்பத்திரண்டு மடங்கு 1,008,000, காற்பங்கு 252,000. இங்கு 16,000 சேராது. ஆகவே 96.3 கேட்டால் செய்நிரல் 96,552,000 என்று சொல்லுதல் வேண்டும். எண்ணை எழுதிக் கோடிட்டபின், "தம்பி, நீர் வந்து ஓட்டிப் பாரும்" என்று அவனையே அழைத்தோம்.

அவன் பின்வாங்கிலிருந்து எழுந்து வந்தான். கட்டளையை மெல்லத் தட்டினான். எமது நெஞ்சு அடித்துக்கொண்டதை ஒளிப்பானேன்? முற்றத்திலே டைனமோவைச் சுழற்றிய இரவுகளிற்கூட அவ்வளவு அடித்ததில்லை. திரையிலே 96,552,000 என்ற எண் தோன்றிற்று. பிள்ளைகள் கைதட்டினர். அவன் எம்மைப் பார்த்து, "சேர், எனக்கும் அந்தக் கோட்டை எப்பிடித் தேடுறதெண்டு காட்டுவியளோ?" என்றான். அவ்வினாவைக் கேட்பதற்காகவே அத்தனை இரவுகளும் விழித்திருந்தோம் என்று அப்போது தோன்றியது.

அதன் பின்னர் அவன் எம்மை முந்திவிட்டான். சில கிழமைகளுக்குள், "சேர், இங்கை 75 எண்டு ஒரு எண் நிக்குது, அது என்ன?" என்று வந்தான். இம்முறை நாம் தயங்காது, "தெரியாது தம்பி; தேடுவோம்" என்றோம். எஃப்.எம். ஒலிபரப்பிலே உயர்ந்த சுருதிகளில் இரைச்சல் மிகும். ஆதலின் அனுப்பும் நிலையம் அச்சுருதிகளை உயர்த்தி அனுப்பும். வாங்கும் கருவி அதே அளவு தாழ்த்தும். தாழ்த்தும்போது இரைச்சலும் உடன் தாழும். எவ்வளவு உயர்த்துவது என்பதை ஒரு நேர அளவாற் குறிப்பர். அமெரிக்காவில் அது 75 மைக்கிரோ செக்கன். ஐரோப்பா முதலாக உலகின் பெரும்பகுதியில் 50. செய்நிரலில் இருந்ததோ 75. அவன் அவ்வொரு எண்ணை 50 என மாற்றி, செய்நிரலை மீண்டும் தொகுத்து ஓட்டினான். மங்கி ஒலித்த பாடகியின் குரல் துலக்கிய குத்துவிளக்குப்போல ஒளிர்ந்தது. எவரோ எங்கோ எழுதிய நூலிலே தன் கையால் ஓர் எண்ணைத் திருத்தி, அதன் பயனைத் தன் காதாற் கேட்ட பிள்ளையின் முகத்தை நாம் என்றும் மறவோம்.

சிறு நூலில் வழி பழகியபின் பெருநூலுக்குச் சென்றோம். குனூ றேடியோ என்பது அதன் பெயர். எரிக் புளொசம் என்பவர், ஜோன் கில்மோரின் பொருளுதவியோடு 2001 ஆம் ஆண்டிலே தொடங்கியது. பின்னர்ப் பலர் கைகோத்து வளர்த்ததனால் இன்று இலட்சக்கணக்கான வரிகளாகப் பரந்து கிடக்கின்றது. அதனை முழுவதும் வாசிக்க முயல்பவர் கரை சேரார். ஆயின் அதற்கும் ஒரு நூலமைதி உண்டு. வடிகட்டிகள் ஓர் அடைவில், எஃப்.எம். முதலிய பழைய முறைகள் ஓர் அடைவில், எண்முறைத் தொடர்பாடல் ஓர் அடைவில் என இயல் இயலாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் இயலின் உள்ளும் ஒரே ஒழுங்கு: உறுப்புகளின் பெயரும் அறிமுகமும் ஓரிடத்தில், மெய்யான வேலை வேறோரிடத்தில். இதனை அறியாது அறிமுகக் கோப்பையே ஒரு மாலை முழுவதும் பார்த்து, 'இங்கே ஒன்றும் நடக்கவில்லையே' என்று மயங்கினோம். பாயிரத்தைப் படித்துவிட்டு நூலைக் காணோம் என்றவன் கதை எமது கதையாயிற்று.

அப்பெருங் காட்டிலே நாம் முதலில் தேடியது ஏற்கெனவே அறிந்த ஒன்றை: குரலைப் பிரிக்கும் இடத்தை. எஃப்.எம். முறையிலே குரல் அலையின் உயரத்தில் இல்லை. அது சுழலும் வேகத்தில் இருக்கின்றது. ஆதலின் ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையிலே கோணம் எவ்வளவு திரும்பிற்று என்று கணித்தால் அதுவே குரல். சிறு நூலிலே இதனைக் கண்டிருந்தோம். பெருநூலிலும் அதே கணக்கு, அதே வரிசையில் நின்றது. கோணத்தை விரைவாக அறிவதற்கு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட வாய்பாடு ஒன்றையும் அங்கு எழுதி வைத்திருந்தனர். அந்நிய ஊரின் சந்தையிலே சொந்த ஊரவரைக் கண்டாற்போல மகிழ்ந்தோம். அவரைப் பற்றிக்கொண்டே ஏனையோரையும் அறிமுகமாக்கிக்கொண்டோம்.

அங்கு வேறு இரண்டு துணைகளும் உண்டு. பல உறுப்புகளுக்குச் சோதனைக் கோப்புகள் எழுதப்பட்டுள்ளன. இன்னதைக் கொடுத்தால் இன்னது வரவேண்டும் என்று அவை சொல்லும். சூத்திரம் விளங்காதவிடத்து உதாரணச் செய்யுள் விளக்குதல்போல அவை எமக்கு விளக்கின. மற்றையது, கிட் என்னும் கருவி காத்து வைத்திருக்கும் வரலாறு. எந்த வரியை எவர் எந்நாளில் மாற்றினார், மாற்றும்போது என்ன குறிப்பு எழுதினார் என்று அதனைக் கேட்டு அறியலாம். ஏட்டுச் சுவடிகளிலே பாடபேதங்களைக் கண்டு, எது முந்தியது என அறியாது பதிப்பாசிரியர்கள் பட்ட துன்பத்தை எண்ணும்போது, இது எத்துணைப் பெரிய பேறு!

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். மூலம் எல்லோர் கைக்கும் எட்டுதல் வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நோக்கம். நாம் வாசித்த இரண்டு செய்நிரல்களும் அவ்வாறே, எவரும் எடுத்து வாசிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியானவை. மூலம் மறைக்கப்பட்டிருந்தால், 'மலிவுச் சாமானின் பிழை' என்ற எமது பொய் என்றென்றும் நிலைத்திருக்கும். அம்மாணவனும் பின்வாங்கிலேயே இருந்திருப்பான்.

இவ்வழியிற் செல்ல விரும்பும் இளைய தம்பியர்க்கு எமது சிற்றனுபவத்திலிருந்து சில சொற்கள். நூல் முழுவதையும் வாசிக்கப் புறப்படாதீர்கள். ஒரு வினாவோடு புறப்படுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரு சொல்லையோ எண்ணையோ பற்றிக்கொண்டு, அது வந்த வழியே பின்னோக்கிச் செல்லுங்கள். கண்டதைக் கொப்பியிலே எழுதுங்கள். விளங்கிவிட்டது என்று தோன்றினால், நடக்கப்போவதை முன்னரே எழுதி வைத்து ஓட்டிப் பாருங்கள். சிறிய மிச்சம் ஒன்று எஞ்சினால் அதனை அலட்சியம் செய்யாதீர்கள்.

எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. இக்கல்லூரியில் நாம் மாணவராக இருந்த காலத்தில், வினாவுக்கு விடை தெரியாதபோது, "நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்று கூறி, மறுநாள் மறவாது சொன்ன ஆசிரியர்கள் எமக்கு வாய்த்தார்கள். அவர்களை நாம் மறந்திருந்தோம். ஐந்து வரி எண்களால் அவர்களை நினைப்பூட்டினான் ஒரு மாணவன். அக்கடதாசித் துண்டு இன்னும் எமது மேசை இலாச்சியில் இருக்கின்றது. அத்தகைய பிள்ளைகளையும், அவர்கள் முன் "தெரியாது" என்று சொல்ல நாணாத ஆசிரியர்களையும் எமது கல்லூரி அன்னை என்றும் பெற்று வாழ்வாளாக!